தெப்ராவில் பூமி ஒரு சாண் திரும்பிய கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் கேட்டது கதை இல்லை. ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்துக்கு ஒரு கட்டுரை. "பூமி எப்படிச் சுத்துது, ஏன் சுத்துது. அரைப் பக்கம் போதுங்கய்யா. பிள்ளைங்களுக்குப் புரியிற மாதிரி. பொய் வேணாம்" என்றார் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் பெண்.

கடைசி இரண்டு சொற்களை ஏன் சேர்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை. பாலோ ஊரில் வெள்ளம் வந்த வருடம் நான் முதலை மேல் ஏறித் தபால் நிலையத்துக்குப் போனதைப் பற்றி அவர் எங்காவது கேள்விப்பட்டிருக்கலாம். அது உண்மை. முதலை வரிசையில்கூட நின்றது.

கட்டுரையை ஒழுங்காகத்தான் தொடங்கினேன்.

தொடக்கம் ஒன்று: "மாணவச் செல்வங்களே, நாம் வாழும் பூமி ஒரு பம்பரத்தைப் போல

(நிறுத்திவிட்டேன். பம்பரம் என்றால் சாட்டை சுற்றி விட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காத பிள்ளைக்கு நான் எழுதுவதில்லை.)

தொடக்கம் இரண்டு: "இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் கிழக்கே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள், கடப்பிதழ் இல்லாமல்."

(இது சத்தியமான உண்மை. ஆனால் என் பெயரைப் போட்டு வந்தால் எவன் நம்புவான்?)

தொடக்கம் மூன்று: "பூமி சுற்றவில்லை என்று கமலநாதன் சொன்னதால் பிரவீனாவின் நிச்சயதார்த்தம் நின்றுபோகப் பார்த்தது."

இதை அடிக்கக் கை வரவில்லை. அரைப் பக்கக் கட்டுரை அந்த இடத்தில் செத்தது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேலே போகிறேன்.

2

கமலநாதன் என் அண்ணன் முறையாகும் ஒருவரின் மகள் செல்வராணியைக் கட்டியவன். ஆகவே எனக்கு மருமகன் முறை. சிங்கப்பூருக்கு எதிரே ஜொகூர் பாருவில் கொண்டோ அடுக்குமாடிகள் கட்டும் இடங்களில் டவர் கிரேன் ஓட்டுகிறான். நாற்பது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பது அவன் வேலை. தனியாக உட்கார்ந்திருப்பவனிடம் கைப்பேசியைக் கொடுக்கக் கூடாது. யாரோ ஒருவன் அனுப்பிய காணொளி அவனுக்கு வந்து சேர்ந்தது.

"மாமா, மேல நான் ஒக்காந்திருக்கேன். கீழ ஏழு டன்னு பீமு தொங்குது. காத்து இல்லன்னா அது அசையாது. பூமி மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்ல கெழக்கால ஓடுனா, என் பீமு மேக்கால பொந்தியான்ல போயி எறங்கியிருக்கணும்லா!"

நான் விளக்கினேன். ஓடுகிற பஸ்ஸில் நீயும் போகிறாய், கையில் கோப்பியும் போகிறது, ஒரே வேகம் என்பதால் சிந்தாது, பூமியும் அப்படித்தான். சிங்கப்பூருக்குப் போகும் பஸ்ஸை நினைத்துப் பார் என்றேன்.

"அது காஸ்வே பாலத்துல ஜாமாகி நின்னுகிட்டுத்தான இருக்கு மாமா."

இதற்கு இயற்பியலில் பதில் இல்லை.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கமலநாதன் முட்டாள் இல்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று மேகத்தைப் பார்த்தே சொல்கிறவன். அவன் உண்மையிலேயே பூமியைத்தான் சந்தேகப்பட்டானா? என் கதையில் வரும் ஆளே என்னிடம் எதையோ மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கண்டுபிடிக்கும்வரை அவனை இங்கேயே நிறுத்தி வைக்கிறேன்.)

3

மாப்பிள்ளை தீபன், ஜொகூர் பாரு பக்கத்துத் தெப்ராவில் கமலநாதனின் மகள் பிரவீனா வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் இஞ்சினியர். பேசி வைத்த கல்யாணம் இல்லை. அவர்களே பேசி வைத்துக்கொண்டது. தீபனின் அப்பா ஜெயக்காந்தன், அரசாங்கப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் யாழ்ப்பாணம். அவர் இராகுவை நம்பினார். ஆனால் இராகு நேரம் தவறாமல் வர வேண்டும் என்று எதிர்பார்த்தார். வினை அங்கேதான் பிடித்தது.

நிச்சயத்துக்கு நேரம் குறிக்க இரண்டு வீட்டாரும் கமலநாதன் வீட்டில் கூடினார்கள். நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு இராகு காலம், அதற்குள் நாலு மணிக்கே தட்டு மாற்றிவிடலாம் என்றான் கமலநாதன். ஜெயக்காந்தன் ஐந்து மணி என்றார். சிங்கப்பூரிலிருந்து அவர் உறவுக்காரர்கள் வந்து சேர வேண்டும்.

"அஞ்சு மணி ராகு காலம் சார்."

"காலண்டர் சூரியன் ஆறு மணிக்கு உதிக்கிறதாய்ப் போட்டு எழுதினது. இஞ்சை உதிக்கிறது ஏழுக்கு. அப்ப இராகுவும் ஒரு மணித்தியாலம் பிந்தித்தானே வரும்? பூமி சுத்திற கணக்கு இது. படிச்சால் விளங்கும்."

"படிச்சால்" என்ற சொல் மேசையில் கிடந்த பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"பூமி சுத்துதுன்னு யாரு சார் சொன்னா?" என்றான் கமலநாதன்.

செல்வராணி சமையலறையிலிருந்து, "நாலு மணி ரெண்டு கணக்குலயும் நல்ல நேரந்தானே?" என்றாள். ஒருவர் காதிலும் விழவில்லை. (எனக்கு விழுந்தது. ஆனால் அப்போதே அதை எடுத்துச் சொல்லியிருந்தால் உங்களுக்குக் கதை இல்லை.)

ஜெயக்காந்தன் எழுந்தார். லண்டனில் ஒரு காட்சியகத்தில், கூரையிலிருந்து கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆடவிட்டிருக்கிறார்கள். குண்டு ஒரே கோட்டில்தான் ஆடும். கீழே பூமி திரும்புவதால் பார்க்கிறவனுக்குக் கோடு திரும்புவது போலத் தெரியும். ஒரு மணி நேரம் நின்று இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றார்.

"அப்ப இங்க காட்டுங்க. மண்டபத்துலயே, எல்லாரு முன்னாலயும். சுத்துனா நீங்க சொன்ன நேரத்துக்கே தட்டு மாத்துறேன். சுத்தலன்னா..."

அவன் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. கதவோரம் நின்ற பிரவீனாவுக்கு மீதி புரிந்துவிட்டது.

"அப்பா, எனக்குக் கல்யாணம் தீபன்கூடவா, பூமிகூடவா?"

சவால் வெளியே வந்துவிட்டது, அதுவும் இரண்டு குடும்பத்துக்கு முன்னால். இனி இருவரில் ஒருவர் தலை குனியாமல் தட்டு நகராது.

விருந்தாளிகள் போன பிறகு நான் செல்வராணியைக் கேட்டேன், இவன் ஏன் இப்படி என்று.

"நிறுத்த ஆளில்ல சித்தப்பா. அதான்."

4

(கமலநாதனை நிறுத்தி வைத்திருந்தேன் அல்லவா? இங்கே பேசினான்.)

நிச்சயத்தன்று மண்டபத்தில் குண்டு கட்டியது அவன்தான். தெப்ராவில் வேறு யாருக்குத் தெரியும்? உத்திரத்தில் ஏறிக் கொக்கி மாட்டி, கம்பி முறுக்காமல் இருக்க மேலே ஒரு சுழல் பூட்டு வைத்து, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டான். குண்டின் அடியில் ஒரு ஊசி. தன்னைத் தோற்கடிக்கும் பொருளை ஒருவன் இவ்வளவு பதமாகக் கட்டி நான் பார்த்ததில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"உனக்கு இது தேவையா கமலா?"

"அவங்க வீட்டுல மூணு தலைமுறையா கவுர்மெண்டு வேல. எங்க வீட்டுல மூணு தலைமுறையா சாஆ ஊரு எஸ்டேட்டுல கூலி வேல. அவரு சொல்றதுக்கெல்லாம் நான் இன்னைக்குத் தலையாட்டுனா, நாளைக்கு அந்த வீட்டுல என் புள்ளயும் தலையாட்டிகிட்டே இருக்கணும் மாமா."

ஆக, அவன் சந்தேகப்பட்டது பூமியை இல்லை. எனக்கு நிம்மதி. பூமியைப் பற்றி எழுதுவதைவிட இது சுலபம்.

குண்டுக்குக் கீழே செல்வராணி கோலமாவால் வட்டமாக ஒரு கரை கட்டினாள். ஊசி போகும் இடமெல்லாம் மாவில் வெட்டு விழும். கோடு திரும்பினால் வெட்டும் நகரும். பிரவீனா மாவு எடுத்துக் கொடுத்தாள். ஜெயக்காந்தன் குனிந்து கரையின் உயரத்தைச் சரி பார்த்து, இரண்டு இடத்தில் தட்டிவிட்டார். கமலநாதன் மாவில் உரசிய ஊசியின் அடியைத் தடவிப் பார்த்தான். கடைசியில் அந்த மண்டபத்தில் கை வெளுக்காத முக்கியஸ்தர் நான் ஒருவன்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்னைத்தான் சந்தேகப்படப் போகிறீர்கள்.

கையால் விட்டால் குண்டு கோணிக்கொண்டு ஆடும். ஒரு பக்கம் இழுத்து நூலால் கட்டி, நூலை எரிக்க வேண்டும் என்றார் ஜெயக்காந்தன். செல்வராணி பூசைத் தட்டிலிருந்து சூடத்தை ஏற்றிக் கொடுத்தாள். நூல் கருகி அறுந்தது. குண்டு சத்தமில்லாமல் புறப்பட்டது. பின்வரிசையில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

5

ஒரு மணி நேரம். அதற்குள் பந்தி. குண்டுக்குக் காவலாக என்னை உட்கார வைத்தார்கள். இரு தரப்பிடமும் சமமாகப் பொய் சொல்கிறவன் என்பதால் நடுவர் பதவி எனக்கு ஏகமனதாகக் கிடைத்தது.

சாப்பாட்டுக் கூடம் பக்கத்துக் கட்டடம். மின்விசிறிகளை நிறுத்திவிட்டுப் போனார்கள். நான், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குண்டு. போனது, வந்தது. போனது, வந்தது.

நான் கண்ணை மூடினேன். தூக்கத்தினால் அல்ல, நடுநிலைமையினால்.

கண்ணைத் திறந்தபோது எல்லாரும் கூடியிருந்தார்கள். குண்டு ஆடிக்கொண்டிருந்தது. மாவுக் கரையில் வெட்டு, முதலில் விழுந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. தெப்ரா மண்டபத்தில், பாயாசம் குடித்த வாயோடு அறுபது பேர், பூமி சுற்றுவதைப் பார்த்தார்கள்.

பார்த்ததை முழுதாகச் சொல்கிறேன். பழைய வெட்டுக்கும் புது வெட்டுக்கும் நடுவில் மாவு கலையாமல், போட்டபடியே இருந்தது.

*(பூமி நடந்துதான் போகும், தாண்டிக் குதிக்காது. ஒரு சாண் திரும்பியிருந்தால் ஒரு சாண் மாவும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்பட்டிருக்க வேண்டும். அதோடு, ஒரு மணி நேரம் ஆடிய குண்டு களைத்துப்போய், ஆட்டம் குறுகியிருக்க வேண்டும். இது இப்போதுதான் வேலைக்கு வந்தது போல வீசி ஆடியது.)*

அறுபது பேருக்கும் கண் இருந்தது. ஒருவரும் பேசவில்லை. ஜெயக்காந்தன் முன்னால் வந்து குனிந்து பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளின் பரிசோதனையைத் திருத்தியவர். நிமிர்ந்தார். கலையாத மாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவர் வேட்டி அதை மறைத்தது.

கமலநாதன் வேட்டியைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"சரி. சுத்துது," என்றான். "அஞ்சு மணிக்கே மாத்திக்கலாம்."

"வேண்டாம். நாலு மணிக்கே மாத்துவம்," என்றார் ஜெயக்காந்தன். "அது ரெண்டு கணக்கிலும் நல்ல நேரம்தானே, சம்பந்தி."

செல்வராணி கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். நாலு மணிக்குத் தட்டு மாறியது. சிங்கப்பூர் உறவினர்கள் அப்போது காஸ்வேயில் நின்றுகொண்டிருந்தார்கள்.

6

நல்ல முடிவு. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் மேசையில் கட்டுரை பாதியில் கிடந்ததே. அதற்காகப் படிக்கப் போனேன். படிப்பு எப்போதும் ஆபத்து.

ஏன் சுற்றுகிறது? சூரியனும் பூமியும் உண்டாவதற்கு முன் இங்கே தூசியும் வாயுவும் சேர்ந்த பெரிய மேகம் ஒன்று இருந்ததாம். அது லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது. தன் பாரத்தால் தானே சுருங்கியது. சுருங்கச் சுருங்க வேகம் பிடித்தது. கையை விரித்துச் சுற்றுகிறவள் கையை மடக்கினால் வேகம் கூடுவது போல. அந்த மேகத்தில் உருண்டு திரண்டதுதான் பூமி. அது எடுத்த சுழற்சி இன்னும் போகிறது. வெளியில் உராய ஒன்றுமில்லை. நிலா மட்டும் கடலைப் பிடித்து இழுத்துக் கொஞ்சம் பிரேக் போடுகிறது; அது தெரிய யுகங்கள் வேண்டும். ஆக, ஏன் சுற்றுகிறது என்றால் காரணம் செல்வராணி சொன்னதுதான். நிறுத்த ஆளில்லை.

இதுவரை சரி. அடுத்த பக்கத்தில்தான் என் சோறு இறங்காமல் போனது.

ஒரு தேங்காயை அதன் கண் மேலே பார்க்க வைத்துச் சுழற்றுங்கள். கண்ணில் உட்கார்ந்த எறும்பு நின்ற இடத்திலேயே சுழலும். நடு வயிற்றில் ஒட்டியிருக்கும் எறும்பைத் தேங்காய் தூக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அதன் காலடித் தரை தட்டாமாலை சுற்றாது. லண்டன்காரன் கண்ணுக்குப் பக்கத்து எறும்பு. அவன் குண்டு ஒரு மணி நேரத்தில் நன்றாகவே திரும்பும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நாம் வயிற்று எறும்பு. ஜொகூரில் அதே குண்டு ஒரு முழு வட்டம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரத்தில் திரும்புவதைக் கண்ணால் பார்க்க முடியாது.

அதாவது, அன்று தெப்ராவில் குண்டு திரும்பாமல் இருந்திருந்தால்தான் பூமி ஒழுங்காகச் சுற்றுகிறது என்று அர்த்தம். திரும்பியதால் நிரூபணமானது ஒன்றே ஒன்றுதான்: எவரோ கை வைத்திருக்கிறார்கள்.

7

ஜெயக்காந்தனுக்குத் தொலைபேசினேன்.

"மாஸ்டர், லண்டன் கணக்கு லண்டனுக்கு. தெப்ராவில் அந்தக் குண்டு..."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணை, உங்களுக்கு இந்த வயசிலை இயற்பியல் தேவையோ?"

"கட்டுரை கேட்டிருக்கிறார்கள்."

"நிலாவைப் பற்றி எழுதுங்கோ. நிலா ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காது."

பிரவீனாவைக் கேட்டேன். "அப்பா சாம்பாருக்கும் பாயாசத்துக்கும் நடுவுல எந்திரிச்சுப் போனாரு தாத்தா. கை கழுவன்னு நெனச்சேன். தீபன் அப்பா அதுக்கு முன்னாலயே போயிட்டு வந்தாரு. அம்மா பந்தியில ஒக்காரவே இல்ல. நான் எங்க இருந்தேன்னு கேக்க மாட்டீங்களா?"

கேட்கவில்லை. சில பதில்களை வாங்கி வைக்க வீட்டில் இடமில்லை.

செல்வராணியிடம் போனேன். "மாவு போட்டதும் நான். தட்டு மாத்தின கையோட கூட்டி அள்ளுனதும் நான். அதுல என்னா இருந்துச்சுன்னு இப்பக் கேட்டா? தே தண்ணி குடிக்கிறீங்களா சித்தப்பா?"

கடைசியாகக் கமலநாதன். ஆடும் குண்டை விரலால் தள்ளினால் அது முட்டை வடிவில் அலையும். இந்தக் குண்டோ நூல் பிடித்தது போல நேராக ஆடியது. ஓரத்தில் பிடித்து நிறுத்தி, அலுங்காமல் புதுக் கோட்டில் விடத் தெரிந்த கை வேண்டும். ஓர் இயற்பியல் ஆசிரியருக்கு அது ஏட்டில் தெரியும். இன்னொருவனுக்கு அது தினசரி வேலை.

"குண்டு எப்படித் திரும்பிச்சு கமலா?"

"பூமி சுத்துது மாமா."

"நீ நம்புறியா?"

தே தாரேக் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தான்.

"அன்னைக்கு ஒரு நாளு சுத்துச்சு. மத்த நாளு எனக்குத் தெரியாது." எழுந்துகொண்டவன் திரும்பினான். "அட அலமாக், என்னயப் போயி கேக்குறீங்களே. காவலுக்கு இருந்தது நீங்கதான?"

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ. ஜெயக்காந்தன் செய்தார். தன் பெருமைக்காக. (அப்படியானால் வென்ற பிறகு ஐந்து மணியை ஏன் விட்டுக்கொடுத்தார்? அடித்துவிட்டேன்.)

ஆ. அம்மாவும் மகளும் சேர்ந்து செய்தார்கள். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி... (இரண்டு பேர் தூக்கும் குண்டு, இரண்டு பேர் இருந்தார்கள். இதை அடிக்கவில்லை. ஓரமாக வைத்திருக்கிறேன்.)

இ. கமலநாதன் செய்தான். தலை குனிய மாட்டேன் என்றவன், யாரும் பார்க்காத நேரத்தில் தானே தன் தலையைக் குனிய வைத்துவிட்டு, பாயாசத்துக்குத் திரும்பிப் போனான். (இது அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

ஈ. அன்று உண்மையிலேயே பூமி ஒரு சாண் அதிகமாகத் திரும்பியது. அப்படியானால் உலகத்துக் கடிகாரங்கள் எல்லாம் தவறு. சரியான நேரம் தெப்ராவில் மட்டும்தான். (என் சொந்தக் கருத்து இதுதான். முதலையும் இதையே சொல்லும்.)

ஆனால் ஒரு சிக்கல். தை மாதம் கல்யாணம். இரண்டு வீட்டிலும் ஞாயிறு பதிப்பு வாங்குகிறார்கள். மண்டபத்தில் அறுபது பேர் பேசாமல் விழுங்கியதை நான் அச்சில் கக்கினால், ஒருவர் 'நான் செய்யவில்லை' என்று சொல்ல வேண்டிவரும், இன்னொருவர் 'அப்படியானால் பூமி சுற்றியதாக நிரூபணமே ஆகவில்லை' என்று சொல்ல வேண்டிவரும், வேட்டி விலகிவிடும். மாவு மட்டும் கலையாமல் நடுவில் இருக்கும். பிரவீனா மறுபடி கதவோரம் வந்து நிற்பாள்.

பெயர்களை மாற்றிவிட்டேன். மாற்றிவிட்டதாகத்தான் சொல்வேன்.

முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை. நான் நடுவர். ஆகையால் உங்களை மண்டபத்துக்கு அழைத்துப் போகிறேன். பந்தி நடக்கிறது, பக்கத்துக் கட்டடத்தில் வாளிகளின் சத்தம். விசிறிகள் நின்றிருக்கின்றன. குண்டு நூல் எரிந்த கோட்டிலேயே, ஒரு மயிரிழைகூட விலகாமல், நேர்மையாக ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டால் உண்மை ஜெயிக்கும், தட்டு நகராது. பூமி உங்களையும் என்னையும் அவர்களையும் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. அதற்கு இதில் எந்த அக்கறையும் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், தரையில் தடம் விழும். குண்டைத் தள்ள வேண்டாம். ஓரத்துக்கு வரும்போது இரண்டு கையாலும் ஏந்திப் பிடியுங்கள். அந்த ஒரு கணம் அது தானாகவே நிற்கும். கொஞ்சம் வெளியே இழுத்து ஒரு சாண் நகர்த்துங்கள். மூச்சை விட்டுவிட்டு, விரல்களை ஒரே நேரத்தில் எடுங்கள். மாவு கையில் ஒட்டினால் பரவாயில்லை, எல்லார் கையிலும் இருக்கிறது.

இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

நான் நாற்காலியில்தான் இருக்கிறேன். இதோ, கண்ணை மூடிக்கொண்டேன்.